லைன் கிடைக்காத தோட்டத்துக்கு எந்தக் கைப்பேசி?

சுங்கை சிப்புட் பட்டணத்துக் கடைத்தெருவில் திறந்து பார்த்தால் எல்லாக் கைப்பேசியும் நன்றாகத்தான் இருக்கும். கோபுரம் பக்கத்தில் இருக்கிறது, கடைக்காரர் போட்டுக் காட்டும் காணொளி உடனே ஓடுகிறது. அதே செட்டை லிந்தாங் சாலையில் உள்ளே கொண்டுபோய், செம்பனைக்கு நடுவே இருக்கும் வீட்டின் அடுக்களையில் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் உண்மையான தரம் தெரியும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் மெகாபிக்சலும் ‘ஏஐ’ கேமராவும் அங்கே உதவாது. தோட்டப்புறத்துக்குப் போன் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே குரலையும் அனுப்பும் வசதி.

காரணம் இதுதான். நம் மலேசியாவில் 3ஜி சேவை 2021 டிசம்பர் இறுதியோடு மூடப்பட்டது. அந்த அலைவரிசைகள் 4ஜிக்குப் போய்விட்டன. அதற்கு முன் அழைப்பு வந்தால் போன் 4ஜியிலிருந்து 3ஜிக்கு இறங்கிப் பேசும். இப்போது வோல்ட்டி இல்லாத போன் இறங்க வேண்டுமானால் நேராக 2ஜிக்குத்தான் இறங்க வேண்டும். பேசும் நேரம் முழுக்க இணையம் நின்றுவிடும். 2ஜி எட்டாத மூலையில் அழைப்பே வராது. வாட்சாப் நன்றாக ஓடுகிறது, ஆனால் யார் அழைத்தாலும் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று வருகிறது என்றால், பெரும்பாலும் கோளாறு இங்கேதான்.

வோல்ட்டி இருக்கிறது என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது மட்டும் போதாது. தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு ஏற்ற அமைப்பு அந்தப் போனின் மென்பொருளுக்குள் இருக்க வேண்டும். ‘ஒரிஜினல் செட்’ என்று விற்கப்படும் மலேசிய உத்தரவாதம் உள்ள போனில் அது இருக்கும். நூறு இருநூறு வெள்ளி மலிவாகக் கிடைக்கும் ‘ஏபி செட்’டில், அதாவது வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்து இங்கே கொண்டுவரப்பட்டதில், அது பல நேரம் இருப்பதில்லை. மலிவு விலைக்குப் பின்னால் மறைந்திருக்கும் பெரிய குறை இது என்பது என் கருத்து.

கடையிலேயே சோதித்துவிடலாம். உங்கள் சொந்த சிம்மைப் போடுங்கள். செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய் வோல்ட்டி அல்லது ‘4ஜி காலிங்’ பொத்தான் இருக்கிறதா, இயங்குகிறதா என்று பாருங்கள். வைஃபையை அணைத்துவிட்டு இன்னொரு எண்ணுக்கு அழையுங்கள். அழைப்பு நடக்கும்போது மேலே இருக்கும் 4ஜி குறி அப்படியே இருந்தால் சரி. ‘இ’ அல்லது ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்தாக மாறினால் போன் 2ஜிக்கு இறங்கிவிட்டது. பேசிக்கொண்டே ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தாலும் இது உறுதியாகிவிடும்.

அடுத்தது அலைவரிசை. இங்கே 4ஜி 900, 1800, 2100, 2600 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. போனின் விவரப் பட்டியலில் இவை பேண்ட் 8, 3, 1, 7 என்று இருக்கும். 5ஜிக்கு என்28, என்78, அதாவது 700, 3500 மெகாஹெர்ட்ஸ். மெகாஹெர்ட்ஸ் எண் குறையக் குறைய அலை தூரம் போகும், சுவருக்குள்ளும் நுழையும். ஆகவே தோட்டத்துக்கு பேண்ட் 8 இல்லாத போன் வேண்டாம். 5ஜி போன் என்றால் என்28 இருக்க வேண்டும். மழை பெய்து ஓலையெல்லாம் நனைந்திருக்கும் நேரத்தில் 2600 மெகாஹெர்ட்ஸ் அலை இன்னும் வலுவிழக்கும், 900 ஓரளவு தாக்குப் பிடிக்கும்.

வீட்டில் லைன் எவ்வளவு இருக்கிறது என்று கோடுகளை எண்ணிப் பயனில்லை. கோடு காட்டும் அளவை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு டிபிஎம் எண்ணாகத் தெரியும். ஐபோனில் *3001#12345#* அழுத்தி அழைத்தால் சோதனைப் பக்கம் திறக்கும். எண் கழித்தல் குறியோடு இருக்கும். -85க்கு அருகில் இருந்தால் அருமை, -105 என்றால் சுமார், -115ஐத் தாண்டினால் அழைப்பு அறுபடும். வாசல், சன்னலோரம், அடுக்களை என்று மூன்று இடத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரின் வேறு நிறுவன சிம்மை ஐந்து நிமிடம் வாங்கிப் போட்டுப் பார்த்தால், போனை மாற்ற வேண்டுமா சிம்மை மாற்ற வேண்டுமா என்பது தெரிந்துவிடும். தகரக் கூரை அலையைத் திருப்பி அனுப்பும், அதனால் கூரைக்குக் கீழே நடு வீட்டைவிட சன்னலோரம் பத்து டிபிஎம் வரை கூடுதலாக இருப்பது சாதாரணம். வீட்டில் வைஃபை இருந்தால், அதன் வழியாகவே பேச உதவும் வைஃபை காலிங்கையும் திறந்து வையுங்கள்.

5ஜி விளிம்பில் மட்டும் எட்டுகிற இடத்தில் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவி பேட்டரியைத் தின்றுவிடும். அங்கே நெட்வொர்க் மோடை 4ஜிக்கு மாற்றி வைப்பதே புத்திசாலித்தனம்.

தோட்டத்தில் ஒரு நிறுவனம், பட்டணத்தில் இன்னொரு நிறுவனம் என்று இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் நம்மிடையே நிறைய பேர். புது ஆண்ட்ராய்டு போன்களில் ‘ஆட்டோ டேட்டா ஸ்விட்சிங்’ இருக்கிறது. ஒரு சிம்மில் லைன் மெலிந்தால் இணையத்தைத் தானாக மற்றதற்கு மாற்றும். இரண்டாவது எண்ணை இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம், ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் வங்கிக்குப் பதிவு செய்த முதல் எண்ணை அட்டை சிம்மாகவே வைத்திருங்கள். போன் உடைந்துபோனால் அட்டையைக் கழற்றிப் பழைய போனில் போட ஒரு நிமிடம் போதும். இ-சிம் என்றால் நிறுவனத்தின் செயலியோ சேவை மையமோ தேவைப்படும். தோட்டத்திலிருந்து மையத்துக்குப் போக ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

செட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நினைவகத்தைப் பற்றி விளம்பரம் சொல்வதைப் பிரித்துப் படிக்க வேண்டும். ‘16 ஜிபி ரேம்’ என்று ஒட்டியிருந்தால் கீழே சிறிய எழுத்தில் 8+8 என்று இருக்கும். பின்னால் வரும் எட்டு, சேமிப்பிடத்தில் கடன் வாங்கியது. வேகம் அதில் வராது. சேமிப்பிடம் இஎம்எம்சி வகையா யூஎஃப்எஸ் வகையா என்று கேளுங்கள். இஎம்எம்சி மலிவு, ஆனால் யூஎஃப்எஸ் 2.2 படிக்கும் வேகம் அதைப்போல மூன்று மடங்குக்குக் குறையாது. புதிதாக இருக்கும்போது தெரியாத இந்த வேறுபாடு ஒரு வருடம் கழித்து நன்றாகவே தெரியும். 128 ஜிபிக்குக் கீழே வாங்காதீர்கள். குடும்பக் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களே இடத்தை நிரப்பிவிடும். வாட்சாப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’வுக்குப் போய் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்துங்கள்.

பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை வருடம் வரும் என்பது விலையைவிட முக்கியம். முன்பெல்லாம் விலை உயர்ந்த போனுக்குத்தான் நீண்ட ஆதரவு. சாம்சுங் 2024இல் எஸ்24க்கு ஏழு வருடம் அறிவித்தது. அதே ஆண்டு, குறைந்த விலையிலுள்ள ஏ16க்கும் ஆறு வருடம் என்றது. கைப்பேசி உலகத்தின் அண்மைக்காலப் புதுமைகளில் ஏழைக் குடும்பத்துக்கு மிக அதிகமாகப் பயன்படுவது இதுதான். வளையும் திரைகூட இதற்குப் பின்னால்தான். ஏனென்றால் ஆதரவு முடிந்த போனில் வங்கிச் செயலி வைத்திருப்பது ஆபத்து.

ஆபத்து எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமூக ஊடகத்தில் வீடு சுத்தம் செய்யும் சேவை, மலிவு விலை டுரியான் என்று விளம்பரம் வரும். வாட்சாப்பில் பேசினால், ‘எங்கள் செயலியில் பதிவு செய்யுங்கள்’ என்று ஒரு கோப்பு அனுப்புவார்கள். சில நேரம் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வரும். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது படமோ அட்டையோ இல்லை, நிறுவப்படக்கூடிய செயலி. நிறுவியதும் குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும். பிறகு சில வெள்ளி முன்பணம் கட்டச் சொல்லி, வங்கிப் பக்கம் போலவே ஒன்றைக் காட்டும். அதில் நீங்கள் தட்டும் கடவுச்சொல் அவர்களிடம் போகும். வங்கி அனுப்பும் குறியீடு உங்கள் கண்ணுக்குப் படும் முன்பே அந்தச் செயலி எடுத்துக்கொள்ளும். 2022இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, வங்கிகள் குறுஞ்செய்திக் குறியீட்டைக் கைவிட்டு வலுவான முறைக்கு மாற வேண்டும் என்று அறிவித்ததற்கு இத்தகைய மோசடிகளே காரணம்.

தடுப்பது எளிது. செட்டிங்ஸில் ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ என்று போங்கள். வாட்சாப், குரோம், கோப்பு மேலாளர் எல்லாவற்றுக்கும் ‘அனுமதி இல்லை’ என்றிருக்க வேண்டும். சாம்சுங்கில் செக்யூரிட்டி அண்ட் பிரைவசி பகுதியில் ‘ஆட்டோ பிளாக்கர்’ இருக்கிறது. அது திறந்திருந்தால் வெளிக் கோப்பிலிருந்து எதையும் நிறுவவே முடியாது. அம்மா அப்பாவின் போனில் இன்றே திறந்துவிடுங்கள். 2025இல் வந்த ஆண்ட்ராய்டு 16இல் ‘அட்வான்ஸ்ட் புரொடெக்‌ஷன்’ என்ற ஒரே பொத்தான், வெளிச் செயலிகளைத் தடுப்பது உட்படப் பல காவல்களை ஒன்றாகப் போட்டுவிடும். அதில் ஒன்று, மோசடிக்காரர்கள் வைக்கும் போலிக் கோபுரத்துக்கு அஞ்சி 2ஜி இணைப்பைத் தவிர்ப்பது. மேலே சொன்ன வோல்ட்டி சோதனை இங்கே மறுபடி முக்கியமாகிறது. வோல்ட்டி வேலை செய்யாத போனில் இதைப் போட்டால் சாதாரண அழைப்புகள் நின்றுபோகும். வோல்ட்டி சரியாக இருந்தாலும், வீட்டில் 4ஜி -115க்குக் கீழே என்றால் இதை விட்டுவிட்டு முன்பு சொன்ன இரண்டு காவலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே நிறுவிவிட்டால் முதல் வேலை விமானப் பயன்முறையைப் போட்டு வைஃபையும் அணைப்பது. செயலியை நீக்க உட்கார்ந்து நேரத்தை வீணாக்காதீர்கள். இன்னொருவர் போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், உடனே 997க்கு, தேசிய மோசடி எதிர்ப்பு மையத்துக்கு, அழையுங்கள். கடவுச்சொல்லையும் அந்த வேறு போனிலேயே மாற்றுங்கள். பிறகுதான் பாதிக்கப்பட்ட போனை முழுக்க அழித்துப் புதிதாக அமைக்க வேண்டும். செயலியை மட்டும் நீக்கினால் போதும் என்று நம்ப வேண்டாம், அது வேறொன்றை உள்ளே வைத்திருக்கலாம்.

தமிழுக்கு இப்போது குறை இல்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அஞ்சல் முறை, தமிழ்99 என்ற இரண்டு தட்டச்சு முறைகளையும் தருகிறது. தட்டச்சு வராத பெரியவர்களுக்கு கூகுள் விசைப்பலகையில் குரல் உள்ளீடு இருக்கிறது. மொழிப் பட்டியலில் தமிழ் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தனித்தனியாக இருக்கும், மலேசியாவைத் தேர்ந்தெடுங்கள். அரசாங்கத்திலிருந்து வரும் மலாய்க் கடிதத்தைப் படிக்க கூகுள் டிரான்ஸ்லேட்டின் கேமரா உதவும். பட்டணத்து வைஃபையில் இருக்கும்போதே தமிழ், மலாய் இரண்டையும் பதிவிறக்கி வைத்தால் லைன் இல்லாத வீட்டிலும் வேலை செய்யும். கருத்துப் பிடிபடும், ஆனால் தேதியையும் தொகையையும் மூலக் கடிதத்தில் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

மழையும் வெயிலும் நமக்குத் தினசரி. மார்க்கெட்டில் இருக்கும் மலிவுப் போன்களில் பல ஐபி54 வகை: தூறல் தாங்கும், கால்வாயில் விழுந்தால் தாங்காது. சார்ஜ் ஓட்டையில் தண்ணீர் என்று எச்சரிக்கை வந்தால் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். காற்றோட்டமான இடத்தில் அரை மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள், முழுக்க உலர ஒரு நாள் வரை ஆகலாம். அரிசிப் பானையில் வைப்பதை ஆப்பிளே வேண்டாம் என்கிறது, துகள் உள்ளே போகும். பால் வெட்டும்போதோ குலை அறுக்கும்போதோ கையுறை போடுபவர்கள் டிஸ்ப்ளே பகுதியில் ‘டச் சென்சிடிவிட்டி’யைத் திறந்தால் திரை விரலை ஓரளவு உணரும். கப்சாய் மோட்டாரின் கைப்பிடியில் போனை மாட்டி வரைபடம் பார்ப்பது கேமராவைக் கெடுக்கலாம். இஞ்சின் அதிர்வு, கேமராவை அசையாமல் நிறுத்தும் நுண்பாகத்தைச் சிதைக்கலாம் என்று ஆப்பிள் 2021இல் எச்சரித்தது. சட்டைப்பையில் வைத்துக் குரல் வழியைக் கேளுங்கள்.

பிள்ளைகளுக்குத் தெப்லெட் வாங்கும்போது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் உள்ளதைத் தவிர்த்து 8ம் 128ம் எடுங்கள். சிம் போடும் வகைக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை, பெற்றோர் போனின் ஹாட்ஸ்பாட் போதும். முதலில் பிள்ளையின் சொந்த கூகுள் கணக்கை, பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியான ஃபேமிலி லிங்க்கில் சேர்த்து, அதையே முதன்மைக் கணக்காக்குங்கள். பள்ளி தரும் டெலிமா கணக்கை அதற்குப் பிறகு இரண்டாவதாகச் சேர்க்க வேண்டும், அப்போது பெற்றோரின் கடவுச்சொல் கேட்கும். வரிசை மாறிப் பள்ளிக் கணக்கு முதலில் போய்விட்டால் நேரக் கட்டுப்பாடு பிடிக்காது, தெப்லெட்டை அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.