மீன்தொட்டிக்கு முன் குழாய்த் தண்ணீர்: செட்டிநாட்டு வீடுகளில் எதை, எப்படிச் சோதிப்பது

நம் பக்கத்து வீடுகளில் ஒரே குழாயில் இரண்டு தண்ணீர் வரும். தெரு இணைப்பில் வருவது ஒன்று: காரைக்குடி என்றால் சம்பை ஊற்று, சில ஊர்களில் காவிரிக் கூட்டுக் குடிநீர். பின்கட்டில் போட்ட போர்த் தண்ணீர் இன்னொன்று. இரண்டும் ஒரே சம்ப்பில் விழுந்து மாடித் தொட்டிக்கு ஏறுகின்றன. சமையலறைக் குழாயில் பிடித்துச் சோதித்தால் அன்றைய கலவைதான் தெரியும். குடிநீர் வராத வாரத்தில் உங்கள் மீனுக்குப் போவது வேறு தண்ணீர். ஆகவே தெருக் குழாய், போர், மாடித் தொட்டி மூன்றிலும் தனித்தனியாகப் பிடியுங்கள். குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு, சோப்பு படாத பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் அலசிவிட்டு நிரப்ப வேண்டும்.

தெருக் குழாய்த் தண்ணீரில் முதலில் பார்க்க வேண்டியது குளோரின். இதைப் பிடித்தவுடன் பார்த்துவிட வேண்டும், வைத்திருந்தால் ஆவியாகிவிடும். ஆர்த்தோடொலிடின் சொட்டு விட்டு மஞ்சள் வந்தால் குளோரின் இருக்கிறது. சோதித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், அது நஞ்சு. குடிநீருக்கான இந்தியத் தரம் குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. மனிதருக்குப் பாதுகாப்பான அந்த அளவே மீனின் செவுளை அரிக்கப் போதும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஏர் பம்பு போட்டு ஒரு நாள் வைத்தால் போய்விடும். அவசரமென்றால் சோடியம் தயோசல்ஃபேட்: லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள 100 லிட்டருக்கு 0.7 கிராம் படிகம் தாராளம். மாடித் தொட்டியை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய வாரத்தில் அந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம்.

தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச்.சை இரண்டு முறை பார்க்க வேண்டும்: பிடித்தவுடன் ஒன்று, 24 மணி நேரம் காற்று ஓடவிட்ட பின் ஒன்று. ஆழத்திலிருந்து வரும் போர்த் தண்ணீரில் கரியமில வாயு கரைந்திருக்கும். அது வெளியேறியதும் 6.8 காட்டிய தண்ணீர் 7.8 காட்டலாம். மீன் வாழப்போவது இரண்டாவது எண்ணில்தான். அதே ஒரு நாளில் தண்ணீர் பழுப்பாகி அடியில் துரு படிந்தால் இரும்பு இருக்கிறது. காற்றடித்துத் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஜி.ஹெச்., கே.ஹெச். இரண்டும். ஜி.ஹெச். என்பது கால்சியம், மெக்னீசியத்தின் அளவு, அதாவது தண்ணீரின் கடினத்தன்மை. கே.ஹெச். என்பது பை-கார்பனேட்டின் அளவு, பி.ஹெச். ஆடாமல் பிடித்து வைப்பது அதுதான். 5 மில்லி தண்ணீரில் சோதனைக் கிட்டின் மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்கி, நிறம் மாறும் வரை எண்ணுங்கள். ஒரு சொட்டு ஒரு டிகிரி, அதாவது கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 17.9 மில்லிகிராம். பாட்டிலைச் சாய்க்காமல் நேராகப் பிடிக்காவிட்டால் சொட்டின் அளவு மாறி எண்ணிக்கை கெடும். கே.ஹெச். 12, 15 என்று இருக்கும் போர்த் தண்ணீரில் 'பி.ஹெச். டவுன்' மருந்து ஊற்றுவது வீண். ஊற்றிய அன்று இறங்கும், ஓரிரு நாளில் பழைய இடத்துக்கே ஏறும். அந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்கிறது. அதே தண்ணீரில் கப்பி, மோலி, பிளாட்டி செழிப்பாக வளரும். தண்ணீரைப் பார்த்து மீனைத் தேர்ந்தெடுப்பதே எப்போதும் சரி.

மிருதுவான தண்ணீர் கேட்கும் நியான் டெட்ரா மீன்தான் வேண்டுமென்றால் ஆர்.ஓ. தண்ணீர் கலக்க வேண்டும். போர் ஜி.ஹெச். 24 என்றால், ஒரு குடம் போருக்கு இரண்டு குடம் ஆர்.ஓ. ஊற்றினால் 8 வரும். கே.ஹெச்.சும் மூன்றில் ஒன்றாகும். அது 3க்குக் கீழே போனால் பி.ஹெச். திடீரென்று சரியும் அபாயம் உண்டு. வீட்டு ஆர்.ஓ. பலவற்றில் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும் திருகு இருப்பதால் அந்தத் தண்ணீரையும் சோதியுங்கள். உப்பு போட்டு ஓட்டும் சாஃப்ட்னர் தண்ணீர் இதற்கு உதவாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறது. கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டும் காட்டும் டிடிஎஸ் மீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

நைட்ரேட் சோதனையில் கிட்டின் இரண்டாவது மருந்து பாட்டிலை அரை நிமிடம் நன்றாகக் குலுக்காவிட்டால் எண் குறைவாகக் காட்டும். போரில் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் தண்ணீர் மாற்றுவதால் நைட்ரேட் குறையாது. அம்மோனியா குழாயிலேயே தெரிந்தால் அந்தத் தண்ணீரை விட்டுவிடுங்கள்: 30 டிகிரி வெயிலில், பி.ஹெச். 8இல் அதன் நச்சு வடிவம் பி.ஹெச். 7இல் இருப்பதைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு.

வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) பிடிக்கும் மழைத்தண்ணீர் மிருதுவானது, கலப்பதற்கு அருமையானது. ஆனால் செம்பு, பித்தளை அண்டாவில் நின்ற மழைத்தண்ணீர் வேண்டவே வேண்டாம். மிருதுவான தண்ணீரில் செம்பு எளிதில் கரையும், இறாலும் நத்தையும் முதலில் சாகும். முதல் மழையில் ஓடு கழுவி வரும் தண்ணீரை விட்டுவிட்டு, பிறகு வருவதை பிளாஸ்டிக் டிரம்மில் பிடியுங்கள்.

சித்திரையில் எடுத்த எண்கள் கார்த்திகையில் இருக்காது. ஐப்பசி மழை இறங்கிப் போர் நீர்மட்டம் ஏறிய பின் ஜி.ஹெச்., கே.ஹெச்., நைட்ரேட் மூன்றையும் மறுபடி பார்த்து, கலக்கும் குடக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.