மேற்கே கேட்காத வரி பாக்கி

உடுமலைப் பக்கம் ஆடி மாதத்தில் துணி காயப்போட்டவர்களுக்குத் தெரியும், கிளிப் மாட்டாத வேட்டியைப் பக்கத்துத் தோட்டத்து வேலியில்தான் தேட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று அப்படி. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மைக்செட் பாடுவதும் அந்தக் காற்றில்தான்.

எங்கள் வீடு கோயிலுக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டர். மைக்கில் பேசுகிறவர் தொண்டையைச் செருமினால் அடுப்படி வரை கேட்கும். பெரியப்பா தோட்டம் மேற்கே, அதில் பாதி தூரம்கூட இல்லை. அங்கே மூச்சுச் சத்தம் கிடையாது.

போன ஆடி வெள்ளியன்று தலைக்கட்டு வரி பாக்கிப் பட்டியலை வாசித்தார்கள். முதல் பெயரே பெரியப்பாவுடையது. கிழக்கே இருக்கிற அத்தனை வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. அவரோ கோயிலுக்கே வந்து மைக்செட்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏப்பா, ஒரு சாமி பாட்டாச்சும் போடக்கூடாதா? காலைல இருந்து சத்தத்தையே காணோம்!"

அதே நேரம் நானும் அங்கே நிற்கிறேன், "காது அடைக்குது, குறைக்கச் சொல்லு" என்று அப்பத்தா அனுப்பி.

மைக்செட்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் குழாயை மேற்கே திருப்பி, சத்தத்தையும் கூட்டினார். பெரியப்பா வீட்டுக்குப் போய்ப் போன் போட்டார்: "ஒண்ணும் கேக்கல." ஆனால் அவர் தோட்டத்தில் தேங்காய் போட ஏறியிருந்தவர் மரத்து உச்சியிலிருந்தே கத்தினார்: "ஏனுங்க, உங்க பேரைத்தான் வாசிக்கறாங்க!"

காற்று சத்தத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது என்பார்கள். ஒலி மணிக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 40 கிலோமீட்டர் காற்று அதைத் தள்ளினால் என்ன, தடுத்தால் என்ன? விஷயம் வேறு. தரையோரம் பயிரும் வேலியும் காற்றை மட்டுப்படுத்தும், மேலே போகப் போக வேகம் கூடும். காற்றோடு போகும் ஒலியின் மேல்பகுதி முந்திக்கொள்வதால் மொத்தமும் தரையை நோக்கி வளைகிறது. எதிர்த்துப் போனால் மேல்பகுதி பின்தங்கி, ஒலி வானத்தைப் பார்க்க எழும்பிவிடும். தரையில் நிற்பவர் தலைக்கு மேலே போய்விடும். 1857-லேயே இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டார். 1874-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியல் பேராசிரியர் வெட்டவெளியில் மின்மணியை அடிக்கவிட்டுப் பார்த்தார். காற்று வருகிற பக்கம் நின்றால் தரையோரம் கேட்காத மணி, உயரத்தில் கேட்டது. அவருக்குத் தென்னை மரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். "மரத்து மேல கேட்டதெல்லாம் கணக்குல வராது" என்றார்.

மைக்செட்காரர்தான் கமிட்டிக்கு வழி சொன்னார். "ஐப்பசிக்கு மேல காத்து கிழக்க இருந்து திரும்பிருமுங்க. மேக்க இருக்கறவங்க பாக்கியை அப்ப வாசிச்சுக்கலாம். இப்ப கிழக்க இருக்கறவங்களைப் பாருங்க."

பட்டியலில் அடுத்த பெயர் எங்கள் அப்பாவுடையது.