மேஜைமேல் கருவி இருந்தால்தான் கூட்டம்: ஓர் இயற்பியல் சங்கக் கிளையை நடத்திய அனுபவம்

பள்ளி, கல்லூரி இயற்பியல் ஆசிரியர்களுக்கென்று இந்திய அளவில் ஒரு சங்கம் இருக்கிறது. இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம், சுருக்கமாக ஐ.ஏ.பி.டி. 1984-ல் கான்பூரில் பேராசிரியர் டி.பி. கண்டேல்வால் தொடங்கியது. மண்டலக் குழுக்களாகவும் அவற்றுக்குக் கீழே சில இடங்களில் துணை மண்டலக் குழுக்களாகவும் பிரிந்து வேலை செய்கிறது. மதுரைக்குத் தெற்கே இப்படி ஒரு சின்னக் கிளைக்குச் செயலாளராக இருந்துவிட்டு, இப்போது பொறுப்பை அடுத்தவரிடம் கொடுத்திருக்கிறேன். தங்கள் ஊரிலும் கிளை தொடங்க நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஆள் எப்படிச் சேர்ப்பது, பணத்துக்கு என்ன செய்வது, வருகிறவர்களை எப்படித் தொடர்ந்து வரவைப்பது. அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

பொறுப்பேற்ற அன்று என் கைக்கு வந்தவை உறுப்பினர் பட்டியல், வங்கி பாஸ்புக், தீர்மானப் புத்தகம், இவ்வளவுதான். பட்டியலில் பெயர்கள் நிறைய இருந்தன. ஆனால் பலர் ஓய்வு பெற்றிருந்தார்கள், சிலர் மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தார்கள். ஆசிரியர் சங்கம் எதற்கும் இது சகஜம். நானும் பொருளாளர் மேடமும் பட்டியலைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் போன் செய்தோம். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி தட்டியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும், ஆனால் பதில் வந்திருக்காது. போனில் பேசும்போதுதான் "எங்க ஸ்கூல் லேப்ல டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் பெட்டியிலயே கிடக்கு சார், எப்படி எடுத்துக் காட்டுறதுன்னு யாராவது சொன்னா நல்லாயிருக்கும்" என்ற மாதிரி விஷயங்கள் வெளியே வரும். அப்படி வந்த ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். அந்த நோட்டுதான் பிறகு எங்கள் ஆண்டுத் திட்டம் ஆனது.

முதல் செயற்குழுக் கூட்டத்தில் பெரிய விவாதம் நடந்தது. ஒரு தரப்பு, தொடக்க விழா வைக்கலாம் என்றது. பெரிய நிறுவனத்திலிருந்து ஒரு விஞ்ஞானியை அழைத்து, குத்துவிளக்கு ஏற்றி, சிறப்புரை, சால்வை, நினைவுப் பரிசு, மதியச் சாப்பாடு என்று திட்டம் போட்டார்கள். இன்னொரு தரப்பு, அந்தச் செலவில் கருவி வாங்கி மாதம் ஒரு சனிக்கிழமை ஆசிரியர்களே உட்கார்ந்து சோதனை செய்து பார்க்கலாம் என்றது. எங்களுக்கெல்லாம் மூத்தவரான ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் கடைசியில் பேசினார். "தம்பி, விழாவுக்கு வர்றவங்க போட்டோ எடுத்ததும் போயிடுவாங்க. மேஜைமேல ஒரு கருவியை வச்சுப் பாருங்க, அஞ்சு மணிக்கு வாட்ச்மேன் வந்து விரட்டணும்." அவர் சொன்னதற்கு யாரும் மறுப்பு சொல்லவில்லை. சிறப்புரை வேண்டாம் என்று முடிவெடுக்கவில்லை. ஆனால் சோதனை இல்லாமல் எந்தக் கூட்டமும் கிடையாது என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கிளை உயிரோடு இருப்பதற்கு அந்த ஒரு வரிதான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

முதல் அமர்வுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது தலைமுடியின் தடிமன். கடையில் கிடைக்கும் சிவப்பு லேசர் பாயிண்டர் ஒன்று, ஸ்டிக்கரில் 650 நானோமீட்டர் என்று போட்டிருந்தது. ஒரு அட்டையில் ஓட்டை போட்டு, அதன் குறுக்கே முடியை விறைப்பாக ஒட்டி, லேசரை அதன்மேல் பாய்ச்சினோம். இரண்டு மீட்டர் தள்ளிச் சுவரில் விளிம்பு விளைவுப் பட்டைகள், அதாவது முடியின் ஓரங்களில் ஒளி வளைந்து பரவுவதால் வரும் வெளிச்ச, இருட்டுக் கோடுகள், விழுந்தன. நடுவிலுள்ள வெளிச்சத்துக்கு இரண்டு பக்கமும் வரும் முதல் இருட்டுக் கோடுகளுக்கு இடையே ஸ்கேல் வைத்து அளந்தால் 3.7 செ.மீ. கணக்குப் போட்டால் முடியின் தடிமன் 70 மைக்ரோமீட்டர். ஒற்றைப் பிளவுக்கான சமன்பாடு முடிக்கு எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்டார். பிளவுக்கும் அதே அகலமுள்ள தடைக்கும் மையப் புள்ளியைத் தவிர மற்ற இடங்களில் ஒரே அமைப்புதான் விழும் என்ற பாபினே தத்துவத்தைக் கரும்பலகையில் விளக்க வேண்டியிருந்தது. கேள்வி ஆசிரியர்களிடமிருந்தே வந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி.

அப்புறம்தான் நல்ல பகுதி தொடங்கியது. ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை அதே முடியைத் திருகு அளவியில் வைத்தார். அதன் மீச்சிற்றளவு, அதாவது அதில் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 மி.மீ. அளவு 0.07 என்று வந்தது, இன்னொருவர் பார்த்தபோது 0.08. ஆக, ஏழில் ஒரு பிரிவு முன்னே பின்னே. லேசர் முறையில் 37 மி.மீ.யில் ஒரு மி.மீ. தவறினாலும் மூன்று சதவீதத்துக்குள்தான் பிழை. பிளஸ் ஒன் முதல் பாடத்தில் பிழைகளைப் பற்றி ஆண்டாண்டாக நடத்துகிறவர்கள், அந்த மேஜையைச் சுற்றி நின்று அதையே புதிதாக விவாதித்தார்கள். முடியை இன்னும் இழுத்து ஒட்டினால் மெலியுமா, சுவர் சாய்வாக இருந்தால் என்ன ஆகும், லேசரின் அலைநீளத்தை எவ்வளவு நம்பலாம் என்று பேச்சு நீண்டது. அலைநீளத்தைச் சரிபார்க்கப் பழைய சிடியையே எதிரொளிப்புக் கீற்றணியாக, அதாவது நெருக்கமான கோடுகளால் ஒளியைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பும் பரப்பாக, வைத்தோம். சிடியில் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர், அதனால் முதல் வரிசைப் புள்ளி சுமார் 24 டிகிரியில் வரும். டிவிடியில் 0.74 தான், அதே லேசருக்குப் புள்ளி 61 டிகிரிக்கு ஓடிவிடும். ஒரு டிவிடியில் ஏன் அதிகப் படம் பதிகிறது என்பதை இதைவிட நேராகக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மலிவான பச்சை லேசர் பாயிண்டர்களைப் பள்ளிக்கு எடுத்துப் போக வேண்டாம். பலவற்றில் ஸ்டிக்கரில் எழுதியிருப்பதைவிடத் திறன் அதிகம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கசியும். சிவப்பே போதும், அதையும் குழந்தைகளின் கண் மட்டத்துக்குக் கீழே வைத்துப் பாய்ச்சுங்கள்.

ஆள் வருவதற்குத் தடையாக இருந்தது ஆர்வமின்மை இல்லை, அனுமதி. கல்லூரிக்காரர்களுக்கு ஓ.டி. (வெளியே போனாலும் பணியில் இருந்ததாகக் கணக்கிடும் அனுமதி) ஓரளவு கிடைத்துவிடும். பள்ளி ஆசிரியர்கள் சனிக்கிழமையும் சிறப்பு வகுப்பு எடுக்க வேண்டியிருக்கும். ஒரு பள்ளியில் எங்கள் கடிதத்தை வாங்கவே மறுத்தார்கள், "ரிசல்ட் வர்ற வருஷத்துல பயிற்சி எதுக்கு" என்று. அதற்குப் பிறகு முறையை மாற்றினோம். தலைமையாசிரியர் பெயருக்கே கடிதம், அமர்வுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால். அதில் எந்த வகுப்பின் எந்தப் பாடத்துக்கு இந்தச் சோதனை பயன்படும் என்று ஒரு வரி. முடிந்ததும் அன்றே வருகைச் சான்றிதழ். கூடவே, வந்த ஆசிரியர் கையில் அந்தச் சோதனையைச் செய்யத் தேவையான பொருள்கள் ஒரு கவரில். திங்கட்கிழமை வகுப்பில் அவர் அதைச் செய்து காட்டியதும் தலைமையாசிரியர்களின் போக்கே மாறியது. சிலர் தாங்களாகவே போன் செய்து "எங்க ஸ்கூல்ல ஒண்ணு வைங்க சார்" என்றார்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து, ஒரு ரூபாய் வந்தாலும் ரசீது, டீச் செலவுக்கும் வவுச்சர். எங்கள் பொருளாளர் மேடம் ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் அன்றைய வரவு செலவைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிடுவார். இதனால் ஆண்டுப் பொதுக்குழுவில் கணக்குக் கேள்வி எழுந்ததே இல்லை, நன்கொடை கொடுத்தவர்களும் மறுபடி கொடுத்தார்கள்.

மாணவர்களுக்காகச் சங்கம் நடத்தும் தேசிய இயற்பியல் தரநிலைத் தேர்வு, என்.எஸ்.இ.பி., கிளைக்குக் கிடைக்கும் பெரிய வாய்ப்பு. 1987-லிருந்து நடக்கிறது. இதில் தேறுகிறவர்கள் மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்தும் அடுத்த கட்டத் தேர்வுக்கும், அங்கிருந்து முகாமுக்கும் போவார்கள். கடைசியில் ஐந்து பேர் சர்வதேச இயற்பியல் ஒலிம்பியாடுக்கு. இந்தியா 1998 முதல் அணி அனுப்புகிறது, 2015-ல் அந்தப் போட்டி மும்பையிலேயே நடந்தது. இவ்வளவும் நகரத்துக் கோச்சிங் சென்டர் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பிலேயே தெரிந்திருக்கும். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பிளஸ் ஒன் ஆசிரியர்களுக்கே புதுச் செய்தி.

அதனால் தேர்வு மையம் வைப்பதற்கு முன்னால் செய்தியைக் கொண்டுபோனோம். ஜூன், ஜூலையிலேயே பள்ளிப் பள்ளியாகப் போய் முந்தைய ஆண்டு வினாக்களில் இரண்டை மட்டும் எடுத்து வகுப்பில் போட்டுக் காட்டுவோம். ஃபார்முலா மனப்பாடத்தில் வராத, படம் வரைந்தால் விடை தெரிகிற வினாக்களாகப் பார்த்து எடுப்போம். பெயர் பதிய முன்வருகிறவர்களில் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு உறுப்பினர்கள் பகிர்ந்துகொண்டார்கள். நவம்பரில் தேர்வு நாள் வரும்போது, இரண்டு மணி நேரத் தேர்வுக்கு மலையடிவாரக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்குக் காலை டிபனும் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். அதையும் வேலைப் பட்டியலில் எழுதி வையுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் என்பதை ஹாலில் ஒரு தடவை, அதற்கு முந்தைய வாரம் ஒரு தடவை சொல்லுங்கள். நம் பிள்ளைகள் எந்தக் கேள்வியையும் விடாமல் எழுதிப் பழகியவர்கள்.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள், எங்கள் கிளைக்கு மற்ற இடங்களைவிட நெருக்கமான நாள். ராமன் விளைவு கண்டறியப்பட்டதை நினைவுகூரும் நாள் அது. ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருவதுதான் ராமன் விளைவு. சி.வி. ராமனோடு சேர்ந்து அந்த ஒளிச்சிதறலைக் கண்டவர் கே.எஸ். கிருஷ்ணன். 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர், பிறகு டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1928 மார்ச் 31 நேச்சர் இதழில் வெளிவந்த முதல் குறிப்பில் இருவர் பெயரும் இருக்கின்றன. அதே மாவட்டத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் அறிவியல் நாள் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அன்றைக்கு நாங்கள் செய்த சோதனை இது. முருங்கை இலையை அரைத்து ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினால் பச்சைச் சாறு கிடைக்கும். ரூபாய் நோட்டுச் சோதிக்கும் புறஊதா டார்ச்சை அதன்மேல் அடித்தால் சாறு சிவப்பாக ஒளிரும். பல மேடைகளில் இதை ராமன் விளைவு என்று காட்டிவிடுகிறார்கள். இது ஒளிர்தல், பச்சையம் ஒளியை உறிஞ்சிவிட்டு வேறு நிறத்தில் திருப்பிக் கொடுப்பது. ராமன் விளைவு இதைவிடப் பல மடங்கு மங்கலானது, பள்ளி லேப்பில் வெறுங்கண்ணுக்குத் தெரிய வைப்பது சிரமம். 1928-ல் அவர்களுக்கும் இதே சந்தேகம்தான் முதலில். கிருஷ்ணன் சிதறிவந்த ஒளியை ஆராய்ந்தபோது அது தளவிளைவுற்றிருந்தது, அதாவது அதன் அதிர்வு பெரும்பாலும் ஒரே தளத்தில் இருந்தது. சாதாரண ஒளிர்தலில் அப்படி வலுவாக வராது. இது வேறு ஏதோ என்று அவர்கள் பிடித்ததற்கு அது முக்கியமான தடயம். பழுதான கால்குலேட்டர் திரைகளிலிருந்து உரித்த, ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு தாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்தோம். முதலில் வானத்தின் நீலத்தைப் பார்க்கச் சொன்னோம். தாளைச் சுழற்றினால் ஒரு திசையில் மங்கும். அடுத்து சாற்றின் சிவப்பு. எவ்வளவு சுழற்றினாலும் மங்கவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்பதை ஒன்பதாம் வகுப்புப் பையனே சொல்லிவிட்டான்.

பொறுப்பைக் கைமாற்றுவது, கிளை நடத்துவதிலேயே கடினமான கட்டம். யாரும் தாமாக முன்வர மாட்டார்கள். அதனால் கடைசி ஆண்டு முழுக்க ஒவ்வோர் அமர்வையும் ஒவ்வொருவர் நடத்தும்படி விட்டேன். கடிதம், இடம், பொருள் வாங்குவது, கணக்கு எல்லாம் அவர்கள் கையில். ஆண்டு முடிவில் யாரால் முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, தேர்தலில் போட்டியே இல்லாமல் முடிந்தது. திருகு அளவியில் முடியை அளந்த அந்த ஆசிரியைதான் இப்போது செயலாளர். வங்கியில் கையெழுத்து மாற்றுவதற்குத் தீர்மான நகல், பழைய, புதிய பொறுப்பாளர்களின் அடையாள அட்டை எல்லாம் கேட்பார்கள். கோடை விடுமுறைக்கு முன்பே முடித்துவிடுங்கள், பிறகு ஆளைச் சேர்ப்பது கஷ்டம்.

அடுத்த அமர்வுக்குப் புதிய செயலாளர் கடிதம் அனுப்பிவிட்டார். எல்.இ.டி. விளக்குகளை வைத்து, ஒளியின் ஆற்றலையும் அதிர்வெண்ணையும் இணைக்கும் பிளாங்க் மாறிலியைக் கணக்கிடுவது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நாலு நிறமும் கிளை வாங்கித் தரும். மல்டிமீட்டர் வைத்திருக்கிறவர்கள் பேட்டரி பார்த்து எடுத்து வரும்படி கேட்டிருக்கிறார்.