ஓரியூர்ச் செம்மண்ணும் வராத பாக்கியும்

தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் மனசு பாரமானால், "ஓரியூருக்கு ஒரு புதன்கிழமை போயிட்டு வந்துருவோம்" என்பார்கள். ஓரியூர், புனித அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோவின் திருத்தலம். புதன் அவருக்கு உரிய நாள்.

என் பாரம் ஊர் அறியச் சொல்லும்படி ஒன்றுமில்லை. வீட்டில் பலகாரம் போட்டு விற்கிறேன். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம். முகூர்த்த மாதங்களில் கை ஓயாது. ஆடி வந்தால் அடுப்பு ஆறிவிடும். ஒரு கடைக்குக் கொடுத்த சரக்குக்குப் பாக்கி வந்தபாடில்லை, குழுக் கடன் தவணை மட்டும் தேதி தவறுவதில்லை. அன்பியத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கத்து ஜெபக் கூட்டத்தில் சொன்னால், "விசுவாசமாக் கேளு, ஆண்டவர் தருவார்" என்கிறார்கள். தராவிட்டால் என் விசுவாசத்தில்தான் குறையா? அந்தப் பேச்சு எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பேரன் முடியிறக்கும் நேர்ச்சை. அவர்கள் இந்துக்கள், ஓரியூரில் அதை யாரும் கேட்பதில்லை. "வா தங்கச்சி, பேசிக்கிட்டே போயிருவோம்" என்று கையோடு கூட்டிப் போனார்கள். திருவாடானை தாண்டியதும் வெயில் உறைத்தது. பிள்ளை என் மடியில் தூங்கிப்போனான்.

திருத்தலத்தில் ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் மெழுகுவர்த்தி, மரத்தடியில் கிடா விருந்துக்கு மசாலா வாசனை. அருளானந்தர் தலை வெட்டப்பட்ட இடத்து மண் செக்கச்செவேல் என்றிருக்கிறது. அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்பது ஊர் நம்பிக்கை. ஒரு சிட்டிகை எடுத்தேன். பொடிப்பொடியாக, விரல் ரேகைக்குள் இறங்கி நிற்கிறது, உதறினாலும் போவதில்லை. அக்கா அதைப் பேரன் மொட்டைத்தலையில் சந்தனத்தோடு குழைத்துப் பூசினார்கள். அவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது அருளானந்தரின் தாயார் ஞாபகம் வந்தது. 1647-இல் லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ சிறு வயதில் சாகக் கிடந்தார். பிழைத்தால் ஒரு வருஷம் இயேசு சபைத் துறவிகளின் அங்கி போட்டுவிடுகிறேன் என்று தாயார் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. ஆனால் பிள்ளை அவரோடு தங்கவில்லையே! அரண்மனையில் இளவரசரின் தோழனாக வளர்ந்தவர், அங்கியையே நிரந்தரமாக்கிக்கொண்டு மதுரை மிஷனுக்குக் கப்பலேறினார். 1686-இல் மறவர் சீமையில் (ராமநாதபுரம் பக்கம்) பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டுப் போர்த்துக்கல் திரும்பியபோது, அங்கேயே இருந்துவிடும்படி அரசரே கேட்டுக்கொண்டார். அவர் 1690-இல் மறுபடி இங்கே வந்தார். மறவர் சீமைப் பிரமுகர் தடியத்தேவர் அவரிடம் வந்து ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட, அவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுக்காரி. அந்தக் கோபம் 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் அருளானந்தரின் தலையை வெட்டுவதில் முடிந்தது. அன்று திருநீற்றுப் புதன். முந்தின நாள் சிறையிலிருந்து கரியை மையாக்கிக் கடிதம் எழுதியிருக்கிறார்.

தாயார் கேட்டது கிடைத்தது. அது யார் கையில் போய்ச் சேர்ந்தது என்று நினைக்க நினைக்க, கொடுத்தால்தான் கடவுள் என்கிற கணக்கு எனக்கு இன்னும் சின்னதாகத் தெரிந்தது. அக்காவிடம் சொன்னேன். "அப்ப என் பேரனையும் சாமியார் ஆக்கிருவாரோ?" என்று பிள்ளையை இறுக்கிக்கொண்டார்கள்.

திரும்பும்போது சுற்று வழியென்றாலும் சருகணியில் இறங்கினோம். மருது பாண்டியர் மானியம் விட்ட கோயில். லூயி லெவே அடிகளார் கல்லறை அங்கேதான். பிரான்சிலிருந்து வந்து இந்த வறண்ட சீமையிலேயே கிடந்து 1973-இல் இறந்தவர். இன்னும் சனங்கள் பூப்போடுகிறார்கள். கல்லறையருகே முழந்தாளிட்டு, 'பணம் வரட்டும்' என்று கேட்க வாயெடுத்தேன். 'போய்க் கேட்கத் தைரியம் கொடும்' என்றுதான் வந்தது.

மறுநாள் கடைக்குப் போனேன். கடைக்காரர் காபி வாங்கித் தந்தார், கொஞ்சம் பணமும் தந்தார். மீதிக்குச் சாக்குச் சொன்னார். இனிமேல் பாதிப் பணம் முன்னால் வந்தால்தான் மாவு பிசைவேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கியது. மீதிக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமைதோறும்.