அறுபது போதும் என்று சொன்னது

"கம்ப்யூட்டர்ல ஆடுறவனுக்கு எதுக்குங்ணா போனோட தண்டனை?"

நாங்கள் செய்த, படை திரட்டி மோதும் வீடியோ கேமில் ஆளுக்கு 200 வீரர்கள் என்றிருந்த வரம்பை எல்லாத் தளத்துக்கும் 60 ஆகக் குறைத்த அன்று, டெஸ்டிங் பார்க்கும் தம்பி கேட்டது. ஐந்து ரோட்டு டீக்கடை, கையில் தட்டுவடை செட். "ஒரே ரூம்னா ஒரே கணக்குதான் தம்பி" என்றேன். அந்தப் பதில் பாதிதான் சரி என்று இப்போது படுகிறது. எந்தப் பாதி என்பதில்தான் குழப்பம்.

போன், கம்ப்யூட்டர், டிவியில் மாட்டி ஆடும் எக்ஸ்பாக்ஸ் மூன்றும் ஒரே ரூமில், அதாவது நெட்டில் ஒரே ஆட்டத்தில், மோத வேண்டும் என்பது முதலிலேயே முடிவானது. இந்த வகை ஆட்டத்தில் ஒவ்வொரு வீரனும் நிற்கும் இடத்தை நெட்டில் அனுப்பிக்கொண்டிருக்க மாட்டோம். "இந்தப் பத்துப் பேர் அங்கே போ" என்ற கட்டளை மட்டும் போகும். மீதியை ஒவ்வொரு கருவியும் தானே கணக்குப் போடும். 1997-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற படை ஆட்டம், டெலிபோன் லைனில் ஓடும் 28.8 கிலோபிட் மோடத்தில் ஓடியது இந்த வழியால்தான். இதற்கு விலை, மெதுவான கருவிக்காக எல்லாரும் காத்திருக்க வேண்டும். லாக்ஸ்டெப் என்பார்கள் இதை. எங்களுக்கு நொடிக்குப் பத்துச் சுற்று, சுற்றுக்கு 100 மில்லிசெகண்ட். நான்கு பேர் ஆடினால் 800 வீரர்கள். 3 ஜிபி போனில் அவர்களுக்கு வழி தேடவே அந்த 100 போதவில்லை. ஏசி அறையில் போதியது என்பதுதான் வேடிக்கை. மே மாத சேலத்தில் மதியம் இரண்டு மணிக்கு வெளியே பத்து நிமிஷம் ஆடினால், சூடு தாங்காமல் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது.

கணக்கு ஒன்றாக இருப்பது என்றால் கடைசி பிட் வரை ஒன்றாக. தசமப் பெருக்கலையும் கூட்டலையும் கம்ப்யூட்டர் பில்டு (கம்ப்யூட்டருக்கான பதிப்பு) தனித்தனியாகச் செய்து இரண்டு முறை ரவுண்ட் செய்தது. போனில் இருக்கும் ஆர்ம் பிராசசருக்கான பில்டில், நாம் எழுதியதை எந்திரக் கட்டளையாக்கும் கம்பைலர் இரண்டையும் ஒரே கட்டளையாகச் சேர்த்துவிட்டதால் ஒரு முறைதான். ஒரு வில்லாளி மயிரிழை விலகி நின்றான்; சற்று நேரத்தில் ஒரு திரையில் செத்துக் கிடந்தான், மறு திரையில் அம்பு விட்டுக்கொண்டிருந்தான். இப்படி ரவுண்ட் ஆகும் தசமக் கணக்கை, அதாவது மிதவைப் புள்ளியை, அடியோடு தூக்கிவிட்டு, முழு எண்ணுக்கு 16 பிட், பின்னத்துக்கு 16 பிட் என மாற்றினோம். வர்க்கமூலமும் சொந்தமாக எழுதியதுதான். இருபது சுற்றுக்கு ஒரு முறை செக்சம், அதாவது ஆட்டத்தின் மொத்த நிலையையும் சுருக்கிய ஒரே எண்ணை, கருவிகளுக்கிடையே ஒப்பிட்டோம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விரல் வேறு கதை. மவுஸை இழுத்தால் கட்டம் போட்டுத் தேர்வு. திரையில் விரலை இழுத்தால் வரைபடம் நகரும். ஒரே அசைவுக்கு இரண்டு அர்த்தம். 0.3 நொடி அழுத்திப் பிடித்தால் தேர்வு என்று வைத்தோம். 0.2 என்றால் நகர்த்தப் போனவர்கள் படையைப் பிடித்துவிடுகிறார்கள், 0.5 என்றால் அதற்குள் படை செத்துவிடுகிறது. இப்படிப் பிடிப்பவரால் 200 பேரைப் பிரித்து நடத்த முடியாது. ஆகவே 60 சரி.

சரியா? ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் 2023-ல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தபோது வரம்பு 200-ஐக் குறைக்கவில்லை. ஆட்டத்தில் விறகு, உணவு சேர்க்கும் கிராமத்தார் தாமாக வேலை பிரித்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்தார்கள். அங்கே போன் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொண்டேன்.

தம்பி அதோடு விடவில்லை. "நெட்ல சேர்ந்து ஆடுறதுக்கு 60 வெச்சுக்குங்க. தனியா ஆடுற பகுதிக்கு கம்ப்யூட்டர்ல 150 விடலாம்லங்ணா? யாரு காத்திருக்கப் போறா?" கேள்வி நியாயமானது, லாக்ஸ்டெப் பேச்சு அங்கே செல்லாது. "மேப் எல்லாம் அறுபதுக்குப் போட்டது, வாசல்ல அடைச்சுக்கும்" என்றேன். கோட்டை வாசல் மூன்று கட்ட அகலம். 150 பேரை ஒரே சமயத்தில் அனுப்பினால் முன்னால் நிற்பவன் பின்வாங்க இடமில்லாமல், பின்னால் வருபவன் சுற்றுவழி தேடித் தேடி, மொத்தப் படையும் வாசலில் நடுங்கிக்கொண்டு நிற்கும். பார்த்திருக்கிறேன்.

வெளியிட்டு வெகுநாள் கழித்து மேப்புகளைத் திறந்து எண்ணினேன். பதினொன்றில் நான்கில்தான் அந்த வாசல் இருந்தது. அன்றைக்கு எண்ணியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. நான்கையும் ஆறு கட்டமாக அகலப்படுத்திப் பார்த்தேன். 150 பேர் தடையில்லாமல் போனார்கள். அதே மேப்பைப் போனில் ஏற்றினால், அறுபது பேருக்கு அது வாசலாகவே இல்லை. காவல் வைக்க முடியாத வெட்டவெளி.