எல்லாரும் எம்.எம். மட்டும்தான் கேட்கிறார்கள்

கோவில்பட்டியில் ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. டெக்னீஷியன் வேலை. கிட்னி கல்லுக்கு வருகிறவர்கள் மேசையை விட்டு இறங்குவதற்குள் கேட்டுவிடுவார்கள்: "தம்பி, எத்தனை எம்.எம்.?" நான் வாய் திறக்கக் கூடாது. "ரிப்போர்ட்ல வரும் அண்ணாச்சி, டாக்டர் சொல்லுவாங்க" என்று அனுப்பிவிடுவேன். ஆனால் படத்தைப் பார்த்ததும் மனசு ஒரு கணக்குப் போடத்தான் செய்யும்.

முதுகுப் பக்கம் சின்னத் துளை போட்டு, கல்லை உள்ளேயே உடைத்து எடுப்பதைப் பி.சி.என்.எல். என்பார்கள். ஒரே தடவையில் கல் முழுசாக வந்துவிடுமா என்று முன்கூட்டியே மதிப்பிட லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் 2011இல் ஒரு ஸ்கோர் போட்டார்கள். நாலே படிதான். வேடிக்கை என்னவென்றால், அதில் எம்.எம்.முக்கு இடமே இல்லை! கிட்னியின் நடுப்பையில் ஒற்றைக் கல்லாக இருந்தால் 22 எம்.எம். ஆனாலும் முதல் படி. ஆனால் 9 எம்.எம். கல்லே குறுகிய வாயுள்ள டைவர்டிகுலம் என்கிற தனிப்பைக்குள் மாட்டியிருந்தால் மூன்றாம் படி. கிட்னி முழுக்கக் கிளை விட்ட மான்கொம்புக் கல் நாலாவது. அவர்கள் பார்த்த நோயாளிகளில் முதல் படியில் 81 சதவீதம் பேருக்குக் கல் தீர்ந்தது, நாலாவதில் 29தான்.

2013இல் வந்த 'ஸ்டோன்' ஸ்கோர் எனக்கு இன்னும் பிடிக்கும், எங்கள் தொழில்காரன் புத்தி அப்படி. மருந்து ஏற்றாத சி.டி. ஒன்று போதும்: கல்லின் பரப்பு, தோலிலிருந்து கல்வரை உள்ள தூரம், அடைப்பால் கிட்னி வீங்கியிருக்கிறதா, கல் எத்தனை காலிக்ஸில் (கிட்னிக்குள் சிறுநீர் சேரும் சின்னக் கிண்ணங்கள்) பரவியிருக்கிறது, அடர்த்தி எவ்வளவு. சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் அலகு ஹவுன்ஸ்ஃபீல்டு; அது 950ஐத் தாண்டினால் ஒரு புள்ளி கூடும். கூட்டினால் 5 முதல் 13 வரை வரும், ஏற ஏறச் சிரமம்.

சரி, 'கல் தீர்ந்தது' என்றால் என்ன? இங்கேதான் எனக்குச் சந்தேகம். 4 எம்.எம்.முக்குக் குறைந்த துணுக்கு கிடந்தாலும் பரவாயில்லை என்று வெற்றிக் கணக்கில் சேர்க்கிறவர்கள் உண்டு. ஆபரேஷனுக்கு அப்புறம் எக்ஸ்ரே மட்டும் எடுத்தால் சுத்தமாகத் தெரியும் கிட்னியில், சி.டி. எடுத்தால் துணுக்குகள் தெரியும். எதை வைத்துப் பார்த்தார்கள் என்று சொல்லாத சதவீதத்தை நான் நம்புவதில்லை.

கல் தீருமா என்று மதிப்பிட இன்னொரு கணக்கு குரோஸ் நோமோகிராம், அதாவது புள்ளி போட்டு வாய்ப்பைப் பார்க்கும் அட்டவணை. பல நாட்டு நோயாளிகளின் தகவலை வைத்துப் போட்டது. கல்லைப் பற்றிய விவரங்களோடு, அந்த மருத்துவமனையில் வருஷத்துக்கு எத்தனை பி.சி.என்.எல். நடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. எங்கள் சி.டி.யில் தெரியாத விஷயம் அது. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போகும்போது அண்ணாச்சிகள் அதையும் கேட்டுவிட்டு வரலாம். எம்.எம். எப்படியும் ரிப்போர்ட்டில் இருக்கும்.