வெட்டிக் காட்டிய விலையும் புதிதாக வந்தவர்களும்

இலையுதிர் காலத்தில் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். குளிர் இறுகுவதற்குள் எல்லோருக்கும் ஜக்கெட்டும் சப்பாத்தும் வாங்கியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து மலிவு விற்பனை நாட்கள் வரும்: நவம்பர் கடைசியில் பிளக் ஃபிரைடே, அப்புறம் டிசம்பர் 26 பொக்சிங் டே. கடைக் கண்ணாடி முழுக்கச் சிவப்பு எழுத்தில் விலைக்கழிவு. அவசரமாகத் தேவைப்படுகிறவர்களுக்கு நின்று கணக்குப் பார்க்க எங்கே நேரம்?

ஊரில் ஒரு சேலையை எவ்வளவுக்குக் கேட்கலாம், எந்த விலைக்கு மேல் போனால் எழும்பி வரலாம் என்பது அம்மாவுக்கு யாரும் சொல்லாமலே தெரியும். பல வருடம் வாங்கி வாங்கிச் சேர்ந்த அறிவு அது. நாடு மாறும்போது அதை நாம் இழந்துவிடுகிறோம். 300 டொலரை வெட்டி 149 என்று எழுதியிருந்தால், அந்த 300 உண்மையா என்று கேட்க நம்மிடம் ஒரு பழைய விலை இல்லை. கடை சொல்வதுதான் விலை. இங்கு பிறந்து வளர்ந்தவர்களைவிட நாம் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கனடாவின் போட்டிச் சட்டத்தில் இதற்கு விதி உண்டு. ஒரு விலையை வழமையான விலை என்று கடை காட்ட வேண்டுமானால், 12 மாதங்களில் பாதிக்கு மேற்பட்ட விற்பனை அந்த விலைக்கோ அதைவிடக் கூடவோ நடந்திருக்க வேண்டும். அல்லது 6 மாதங்களில் பாதிக்கு மேற்பட்ட காலமாவது நேர்மையாக அந்த விலையில் வைத்திருக்க வேண்டும். சட்டம் இருந்தும் பெரிய பெயர்களே மாட்டியிருக்கின்றன. ஹட்சன்ஸ் பே என்ற பெரிய கடை நிறுவனம் மெத்தைகளின் வழமையான விலையை ஏற்றிக் காட்டிக் கழிவு விளம்பரம் செய்தது என்று, இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் கொம்பெட்டிஷன் பியூரோ 2017இல் வழக்குப் போட்டது. 2019இல் செலவுத்தொகையோடு சேர்த்து 45 லட்சம் டொலர் கட்ட அந்த நிறுவனம் இணங்கியது. அதற்கு முன்பே, 2005இல், சியர்ஸ் கனடா என்ற இன்னொரு பெரிய கடையின் டயர் விளம்பரங்கள் ஏமாற்று என்று தீர்ப்பு வந்தது. வாங்கிப் பல வருடம் கழித்து வரும் தீர்ப்பால் அன்று காசு கொடுத்தவருக்கு என்ன பயன்? முதலில் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் செப்டம்பரிலேயே தேவையானவற்றை எழுதி, கடையில் விலைச்சீட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைப்போம். வாராந்த விளம்பரத் தாள்களைப் பார்க்க ஃபிளிப் செயலி உதவும். அமேசான் கனடாவில் ஒரு பொருளின் பழைய விலைகளைக் கேமல்கேமல்கேமல் தளம் கோடாக வரைந்தே காட்டும். ஒரு தடவை பார்த்தால் போதும், நேற்று ஏற்றி இன்று இறக்கிய விலை உடனே தெரிந்துவிடும். தொலைக்காட்சி வாங்கும்போது மொடல் இலக்கத்தைக் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். பெரிய விற்பனை நாட்களுக்கென்றே சற்றுக் குறைந்த தரத்தில் வரும் மொடல்கள் உண்டு. இலக்கம் மாறினால், இன்னொரு கடையின் குறைந்த விலையைக் காட்டி அதே விலைக்குத் தரச் சொல்லிக் கேட்கவும் முடியாது.

வரியையும் மறக்கக் கூடாது. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் பெரும்பாலான பொருட்களுக்கு 13 வீதம் மேலே சேரும். பிள்ளைகளின் உடுப்புக்கும் சப்பாத்துக்கும் 5 வீதம்தான், பற்றுச்சீட்டில் அதைச் சரிபாருங்கள்.

புதிதாக வந்தவர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: ஆளுக்கு ஒரு நல்ல ஜக்கெட் இப்போது வாங்குங்கள், பழைய துணிக் கடையில் கிடைத்தாலும் நல்லதுதான். மற்றவை பெப்ரவரி வரை பொறுக்கலாம். குளிர்காலச் சரக்கை வெளியே தள்ளக் கடைகள் அப்போதுதான் உண்மையாகவே விலையை இறக்கும். பிள்ளைகளின் சப்பாத்தை மட்டும் தடித்த காலுறையோடு கடையிலேயே போட்டுப் பாருங்கள். பழுதில்லாத பொருளைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று ஒன்ராறியோவில் கடைக்குச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை, மலிவு விற்பனையில் வாங்கியதைப் பல கடைகள் திருப்பி எடுப்பதும் இல்லை.